திருட்டுப் படமும் உழைப்பவர் கூலியும்

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் பழைய வாயில் வளைவு ஒன்று உண்டு. டி.ஆர். சுந்தரம் 1935இல் தோற்றுவித்த மாடர்ன் தியேட்டர்ஸின் வாயில் அது. முதல் மலையாளப் பேசும்படமான 'பாலன்' (1938) உள்ளிட்ட நூற்றுக்கு மேற்பட்ட படங்களை அந்நிறுவனம் எடுத்தது. திரைத்தொழில் நடிகரின் புகழ் மட்டுமன்று. தச்சர், தையற்காரர், விளக்குத் தொழிலாளர் ஆகியோரின் அன்றாடக் கூலியுமாகும் என்பதைச் சேலம் வட்டாரத்தார் நன்கறிவர்.

எனினும், புதுப்படத்தின் திருட்டுப் பிரதியைக் கைபேசியில் காண்பது இன்று பல இல்லங்களில் குற்றமாகக் கருதப்படுவதில்லை. இதற்குக் காரணங்கள் இல்லாமலில்லை. வாழப்பாடியிலிருந்து ஐவர் கொண்ட குடும்பம் சேலம் சென்று படம் பார்க்க, நுழைவுச்சீட்டு, பேருந்துக் கட்டணம், தின்பண்டம் என ஒருவரின் ஒரு நாள் கூலி போதாது. இணையத் திரைத்தளங்களோ தனித்தனியே சந்தா கேட்கின்றன. "கோடிகளில் புரளும் நடிகருக்கு இதனால் என்ன நட்டம்?" என்ற எண்ணமும் சேர்ந்துகொள்கிறது.

உண்மையில் நட்டம் பெரும்பாலும் அவரைச் சேர்வதில்லை. வட்டிக்குக் கடன் பெற்றுச் சிறு படம் எடுப்பவரையே அது வீழ்த்துகிறது. அத்தகைய படத்திற்குப் பார்த்தவர் சொல்லக் கேட்டே கூட்டம் சேரும். அதற்குள் திருட்டுப் பிரதி பரவினால் அரங்கு வெறிச்சோடும், கடன் நிற்கும், அடுத்த படம் எழாது, தொழிலாளி வேலையிழப்பார். 2023இல் இந்தியாவில் இத்திருட்டு வணிகத்தின் அளவு 22,400 கோடி ரூபாய் என எர்ன்ஸ்ட் அண்டு யங் நிறுவனம் பங்கேற்ற ஓர் ஆய்வறிக்கை மதிப்பிட்டது.

சட்டம் வாளாவிருக்கவில்லை. 2004இல் தமிழக அரசு திருட்டு வி.சி.டி. குற்றத்தைக் குண்டர் தடுப்புச் சட்டத்துள் சேர்த்தது. 2018இல் '2.0' படத்திற்காகப் பன்னீராயிரத்துக்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. ஆயினும் படம் களவு போயிற்று. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் 3 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், குறைந்தது 3 இலட்சம் ரூபாய் அபராதமும் விதிக்கிறது.

தண்டனையோடு, எளியோர்க்கு எட்டும் விலையும் வேண்டும். இயக்குநர் சேரன் 2015இல் தம் படத்தைக் குறைந்த விலையில் குறுவட்டாக இல்லங்களுக்கே அனுப்ப முயன்றது இந்நோக்கத்தினால்தான். திரைத்துறையினர் இதனைச் சிந்தித்தல் நன்று.

பெற்றோர்க்கும் கடமையுண்டு. ஏழாம் கட்டளையைக் குழந்தைக்குக் கற்பித்துவிட்டு, மாலையில் திருட்டுப் படத்தை நாமே போட்டுக் காட்டலாகுமோ? சில வாரம் பொறுத்தால் தொலைக்காட்சியிலோ குறைந்த சந்தாவிலோ அப்படமே முறையாகக் கிட்டும். காசில்லாதபோது காத்திருப்பது இழிவன்று. பிறர் உழைப்புக்குரிய கூலியைத் தடுப்பதே இழிவு.