வடிகட்டி வாங்கும் முன் தண்ணீரை அறிந்துகொள்வோம்

நமது ஊர்களில் வீடு வீடாக நீர் வடிகட்டி விற்க வருவோர் ஒரு பரிசோதனையைச் செய்து காட்டுவதுண்டு. ஒரு குவளையில் உங்கள் வீட்டுக் குழாய் நீர், மற்றதில் அவர்களது வடிகட்டியின் நீர். இரண்டிலும் மின்கருவியொன்றின் கோல்களை அமிழ்த்துவார்கள். சில நிமிடங்களில் குழாய் நீர் கபில நிறமாகிவிடும், மற்றது தெளிவாகவே இருக்கும். "இந்த அழுக்கையா பிள்ளைகளுக்குக் கொடுக்கிறீர்கள்?" என்று கேட்டதும் தாய்மார் பயந்து தவணைப் பத்திரத்தில் கையொப்பமிடுகிறார்கள்.

விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் என்ற வகையில் இதைச் சொல்வது என் கடமை. அது அழுக்கு அல்ல. சாதாரண தர மாணவர்கள் படிக்கும் மின்பகுப்புத்தான். கபில நிறம் கருவியின் இரும்புக் கோலிலிருந்து கரைந்து வருகிறது. குழாய் நீரில் கல்சியம், மக்னீசியம் போன்ற உப்புகள் இருப்பதால் அது மின்னைக் கடத்துகிறது. வடிகட்டிய நீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் மாற்றம் தெரிவதில்லை. அந்தத் தெளிந்த நீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போடச் சொல்லுங்கள், அதுவும் கபிலமாகும்.

அப்படியானால் வடிகட்டியே தேவையில்லையா? தேவைப்படும் இடங்கள் இருக்கின்றன. ஆனால் எது தேவை என்பதை உங்கள் தண்ணீர்தான் தீர்மானிக்க வேண்டும்.

குளோரின் இட்ட நகரக் குழாய் நீரில் மணமும் கலங்கலும் மட்டுமே பிரச்சினையென்றால், விலை குறைந்த காபன் வடிகட்டி போதும். கிணற்று நீரில் கிருமிகள் இருந்தால் நன்றாகக் கொதிக்க வைப்பதே நம்பகமான வழி.

ஆனால் கற்பிட்டி போன்ற விவசாயப் பகுதிகளின் கிணறுகளில் பசளையிலிருந்து வரும் நைத்திரேற்றும், அநுராதபுரம் போன்ற உலர் வலயப் பகுதிகளில் புளோரைட்டும் அதிகமாகக் காணப்படுகின்றன. உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டலின்படி லீற்றருக்கு நைத்திரேற்று 50 மில்லிகிராமையும், புளோரைட்டு 1.5 மில்லிகிராமையும் தாண்டக்கூடாது. நைத்திரேற்று மிகுந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுப்பது கைக்குழந்தைகளுக்கு ஆபத்தானது. இவற்றைக் கொதிக்க வைத்து அகற்ற முடியாது. நீர் ஆவியாவதால் அவற்றின் செறிவு கூடவே செய்யும். காபன் வடிகட்டியும் இங்கே உதவாது. ஆர்.ஓ. இயந்திரம் அவசியமாவது இத்தகைய இடங்களில்தான். அதிலிருந்து வெளியேறும் கழிவு நீரை வீணாக்காமல் முற்றம் கழுவவும் மலசலகூடத்துக்கும் பயன்படுத்தலாம்.

எந்த வடிகட்டியானாலும் உள்ளே இருக்கும் பகுதிகளை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் அதுவே கிருமிகள் வளரும் இடமாகிவிடும். ஆகவே மாற்றுச் செலவையும் கேட்டறிந்தே வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னர், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்தில் நீரைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஒரே கிணற்றைப் பாவிக்கும் குடும்பங்கள் அந்தக் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். அந்த அறிக்கை கையில் இருந்தால், அடுத்த முறை கபில நிறத் தண்ணீரைக் காட்டி யாரும் உங்களைப் பயமுறுத்த முடியாது.