அகத்தைக் காட்டும் சின்னம்

‘அகத்தின் அழகு முகத்தில் தெரியும்’ என்பது பழமொழி. கணிப்பொறிக்கும் இது பொருந்தும். அது வெளியுலகோடு தொடர்பு கொண்டுள்ளதா, இல்லையா என்பதைத் திரையின் ஓரத்தில் உள்ள ஒரு சிறு படம் நமக்கு அறிவிக்கிறது. இத்தகைய படத்துக்கு ஐகான் என்று பெயர். உருவம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த இப்பெயரையே கீழைத் திருச்சபைகளின் புனித ஓவியங்களும் தாங்கி நிற்கின்றன.

விரல்நகம் அளவே உள்ள படத்தை வரைவது எளிது என்று தோன்றலாம். உண்மையில் இடம் குறையக் குறைய வேலை கடினமாகிறது. 1984ஆம் ஆண்டு வெளிவந்த மெக்கின்டாஷ் கணிப்பொறிக்குச் சின்னங்கள் வரைந்தவர் சூசன் கேர் என்னும் அமெரிக்கப் பெண்மணி. அவர் கிராஃப் தாளில் 32 வரிசை, வரிசைக்கு 32 கட்டம் எனக் கொண்டு, எந்தக் கட்டத்தைக் கறுப்பாக்குவது என்று ஒவ்வொன்றாக முடிவு செய்தார். தையல் வகுப்பில் நாம் கட்டம் எண்ணிப் போடும் கிராஸ் ஸ்டிச் போன்றதே இது. ஒரு கட்டம் பிசகினாலும் உருவம் கெடும்.

இணைப்புச் சின்னம் குறைந்தது மூன்று நிலைகளைப் பிரித்துக் காட்ட வேண்டும். முதலாவது, கம்பி கழன்றோ வைஃபை கிடைக்காமலோ இணைப்பே இல்லாத நிலை. இரண்டாவது, வீட்டிலுள்ள ரூட்டர் வரை இணைப்பு இருந்தும் அதற்கு அப்பால் இணையம் இல்லாத நிலை. மூன்றாவது, எல்லாம் சரியாக உள்ள நிலை. முதல் குறையை நாமே கம்பியைச் செருகித் தீர்க்கலாம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் இணைப்புத் தரும் நிறுவனத்தாரைத்தான் அழைக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே படம் போட்டால், பார்ப்பவர் வீணாகக் கம்பிகளைப் பிடுங்கிச் செருகிக்கொண்டிருப்பார்.

நிலைகளை நிறத்தால் மட்டும் வேறுபடுத்துவதும் தவறு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர்கள் பலர் உண்டு. அவர்களுக்கு இரண்டு வண்ணப் புள்ளிகளும் ஒன்றுபோலவே தெரியும். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில், கம்பி கழன்றால் இரு திரைகள் கொண்ட சின்னத்தின்மேல் சிவப்புப் பெருக்கல் குறி தோன்றியது. நிறம் தெரியாதவருக்கும் அக்குறியின் வடிவம் செய்தியைச் சொன்னது.

எல்லாவற்றிலும் முக்கியமானது உண்மை. விண்டோஸ் கணிப்பொறி, மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் கணிப்பொறி ஒன்றிலிருந்து ஒரு சிறு கோப்பைக் கேட்டுப் பெற்றுப் பார்த்தே இணையம் உண்டு என்று முடிவு செய்கிறது. 2020ஆம் ஆண்டில் விண்டோஸ் 10 உள்ள சில கணிப்பொறிகளில் இச்சோதனை பிழைபட்டது. இணையம் இருந்தும் ‘இணையம் இல்லை’ என்று சின்னம் காட்டியது. அதே சோதனையின் முடிவை நம்பிய சில செயலிகளும் இயங்க மறுத்தன. நல்ல சின்னம் தான் அறிந்ததை மட்டுமே சொல்லும். இன்னும் அறியாதபோது, ‘பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கும் ஒரு படம் வைத்திருக்கும்.

மாணவிகளே, ஒரு கட்டத் தாளில் மேற்சொன்ன மூன்று நிலைகளையும் பென்சிலால் வரைந்து பாருங்கள். வண்ணம் தீட்டாமல் உங்கள் பாட்டியிடம் காட்டுங்கள். நீங்கள் வாய் திறக்காமலே அவர் மூன்றையும் சரியாகச் சொல்லிவிட்டால், உங்கள் சின்னம் தேறிவிட்டது.