விரல்நுனியில் இலக்கணம்

ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழை வரவழைப்பதே இன்று பெரும்பாலோரின் வழக்கம். புதிதாகப் பழக எதுவும் இல்லை என்பது அதன் கவர்ச்சி. ஆனால் தமிழில் ந, ண, ன என்று மூன்று எழுத்துகள். ஆங்கிலத்தில் அவற்றுக்கு ஈடாக இருப்பது 'என்' ஒன்றுதான். அதனால் சிறிய 'என்'னை னகரத்துக்கும் பெரிய 'என்'னை ணகரத்துக்கும் கொடுத்துவிட்டு, நகரத்துக்கு 'டபிள்யூ'வைத் தட்டச் சொல்கின்றன பல மென்பொருள்கள். எழுத்துப் பழகும் பிள்ளைக்கு 'ந' என்றால் 'டபிள்யூ' என்று சொல்லித்தருவது எப்படிச் சரியாகும்?

இதற்கு நல்லதொரு மாற்று நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு தரப்படுத்திய 'தமிழ் 99' விசைப்பலகைதான் அது. அதில் உயிரெழுத்துகள் இடப்பக்கம். மெய்கள் பெரும்பாலும் வலப்பக்கம். இடக்கை விரல்கள் இளைப்பாறும் நடு வரிசையில் அ, இ, உ, எ ஆகிய குறில்கள். ஒவ்வொன்றுக்கும் நேர் மேலே அதன் நெடில். வலக்கைக்கு அடியில் க, ப, ம, த, ந.

'பந்து' என்று தட்டிப் பாருங்கள். ப, ந, த, உ: நான்கே விசைகள். நகரத்தை அடுத்துத் தகரம் வந்ததுமே நகரத்தின் தலையில் தானாகப் புள்ளி விழுகிறது. ங-க, ஞ-ச, ண-ட, ம-ப, ன-ற இணைகளுக்கும் இதே விதி. பள்ளியில் இன எழுத்துகள் என்று படித்தோமே, அவைதான் இவை. ஒரே மெய்யை இருமுறை தட்டினாலும் முதலாவது புள்ளி பெறும். 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ போதும். புள்ளி வேண்டாத இடத்தில் நடுவே அகரத்தைத் தட்டினால் சரியாகிவிடும். 'பாடட்டும்' என்பதில் முதல் டகரத்துக்குப் பின் அப்படித்தான் செய்ய வேண்டும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறப்பதைப் பிள்ளையின் விரல்களே உணர்ந்துகொள்கின்றன.

தமிழ் கற்பிக்கும் செயலிகளுக்கும் இந்த எழுத்தறிவு தேவை. கணினிக்குள் யூனிகோடு முறையில் 'தமிழ்' என்ற சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறியீடுகளாகப் பதிவாகிறது. நமக்கோ அது மூன்றெழுத்து. குறியீடுகளை அப்படியே எண்ணும் நிரல், சொல்விளையாட்டில் பிள்ளைக்கு ஐந்து கட்டங்களை நீட்டும். சொல்லைத் தலைகீழாக்கச் சொன்னால் புள்ளியை முன்னால் நிறுத்தும். குறியீடுகளைச் சேர்த்து முழு எழுத்துகளாகப் பிரித்துத் தருவதற்கென்றே 'ஓப்பன் தமிழ்' போன்ற கட்டற்ற நிரல் தொகுப்புகள் உள்ளன. கல்விச் செயலி எழுதுவோர் அவற்றைக் கட்டாயம் பயன்படுத்த வேண்டும்.

விண்டோஸ், மேக், ஐபோன் எல்லாவற்றிலும் இப்போது தமிழ் 99 உள்ளேயே இருக்கிறது. அமைப்புகளில் தமிழைச் சேர்த்து அதைத் தேர்ந்தெடுத்தால் போதும், காசும் செலவில்லை. விரல் பழகும் வரை தட்டும் வேகம் குறையத்தான் செய்யும். பழைய பழக்கம் ஊறிய பெரியவர்களுக்கு அது சுமையாகத் தெரியலாம். எதையும் முதன்முதலாகத் தொடும் பிள்ளைகளுக்கு அந்தச் சுமை கிடையாது. ஆகவே தொடக்கப் பள்ளியிலேயே, கையெழுத்துப் பயிற்சியோடு சேர்த்து, இந்த விசைப்பலகையையும் பாடமாக வைக்க வேண்டும்.