சாவியும் கணக்கும் யார் கையில்? மும்பை பொதுக் கழிப்பறைகள் கற்பிக்கும் பாடம்

புதுதில்லி: கிராமக் குடிநீர்க் குழுக்களில் பாதி இடங்கள் பெண்களுக்கே என்கின்றன, 2019-இல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின் நெறிமுறைகள். ஆனால், கழிப்பறை வாசலில் கால்கடுக்கக் காத்து நிற்கும் நகரக் குடிசைப் பகுதிப் பெண்களுக்கு இந்த விதி பொருந்தாது. அத்திட்டம் கிராமங்களுக்கு மட்டுமே உரியது. பட்டியலில் பெயர் இருந்தால் போதுமா, முடிவெடுக்கும் உரிமையும் வேண்டுமா என்ற கேள்விக்கு மும்பை அனுபவம் விடை தருகிறது.

உலக வங்கிக் கடனுதவியுடன் 1995-இல் தொடங்கிய மும்பை கழிவுநீர் அகற்றும் திட்டத்தில், குடிசைப் பகுதிச் சுகாதாரமும் ஓர் அங்கமாகச் சேர்க்கப்பட்டது. கட்டுமானச் செலவு மாநகராட்சியுடையது. பராமரிப்பு, பயனாளிகள் சங்கத்துடையது. 50 பேருக்கு ஓர் இருக்கை என்பது கணக்கு. 2005 வாக்கில் ஏறத்தாழ 330 கழிப்பறைத் தொகுதிகள் எழுந்தன.

இதில் முக்கியப் பங்கு வகித்தவர்களில் ஒரு பிரிவினர் 'மகிளா மிலன்' அமைப்பின் பெண்கள். பைக்குல்லா நடைபாதைகளில் வாழ்ந்த பெண்களைக் கொண்டு 1986-இல் உருவான அமைப்பு இது. கோலார் தங்கவயலில் பிறந்த தமிழரும், 2000-இல் மகசேசே விருது பெற்றவருமான ஜோக்கின் அற்புதம் தலைமையேற்றிருந்த தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பும், 'ஸ்பார்க்' தொண்டு நிறுவனமும் அதன் தோழமை அமைப்புகள்.

பெண்கள் வரைபடத்தில் தலையிட்டபோது கட்டடமே மாறியது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி வாசல்; பெரியவர்களின் வரிசையில் தள்ளப்பட்டுச் சாக்கடையோரம் ஒதுங்கிய குழந்தைகளுக்குத் தனிப் பகுதி; தண்ணீர்த் தொட்டி; காவலர் குடும்பம் தங்க ஓர் அறை. இவற்றை எந்த ஒப்பந்ததாரரும் தாமாக யோசித்துச் செய்ததில்லை.

எனினும், குறைகளும் இல்லாமல் இல்லை. பாதாளச் சாக்கடை இணைப்போ, போதிய தண்ணீரோ கிட்டாத சங்கங்கள் தள்ளாடின. உள்ளூர்ப் பிரமுகர்களின் பிடிக்குள் சென்ற சங்கங்களில் பெண்களின் பெயர் ஏட்டளவில் நின்றது. பொது இடங்களில் சிறுநீர் கழிக்க ஆண்களுக்குக் கட்டணமில்லை, பெண்களுக்கு மட்டும் கட்டணமா என்று கேட்டு 2011-இல் மும்பைப் பெண்கள் இயக்கம் தொடங்க நேர்ந்ததும் இதே நகரில்தான்.

2014-இல் தொடங்கிய தூய்மை இந்தியா திட்டத்தின் நகர்ப்புற நெறிமுறை, சமுதாயக் கழிப்பறைகளில் 35 ஆண்களுக்கு ஓர் இருக்கை, 25 பெண்களுக்கு ஓர் இருக்கை என வகுத்தது. பெண்களின் தேவை கூடுதல் என்பதை அரசே ஒப்புக்கொண்ட கணக்கு இது. ஆனால், இருக்கைகளின் எண்ணிக்கை அதிகாரம் ஆகிவிடாது. கட்டணம் எவ்வளவு, இரவில் எத்தனை மணி வரை கதவு திறந்திருக்கும், விளக்கு எரியாவிட்டால் யாரைக் கேட்பது என்பவற்றை முடிவு செய்யும் இடத்தில் பெண்கள் இருக்க வேண்டும்.

தாராவி மறுசீரமைப்பு நிறைவேறினால் வீட்டுக்கு வீடு கழிப்பறை வரலாம். அப்போதும் மேல்நிலைத் தொட்டி, கழிவுநீர்க் குழாய், பராமரிப்புக் கட்டணம் ஆகியவை பொதுவாகவே இருக்கும். கிராமத்துக்கு வகுத்த பாதிப் பங்கை நகரத்துக்கும் விதியாக்கி, சாவியோடு கணக்குப் புத்தகத்தையும் பெண்களிடம் ஒப்படைப்பதே மும்பை காட்டும் வழி.