கடன் ‘சாங்ஷன்’ ஆகிவிட்டது, காசு ஏன் ஏறவில்லை?

வங்கியிலிருந்து போனுக்கு ஒரு செய்தி வருகிறது. கடன் ‘சாங்ஷன்’ ஆகிவிட்டதாம். கிளைக்குப் போய்ப் பார்த்தால் கணக்கில் ஒன்றும் ஏறவில்லை. ரேஷன் கடையில் இந்த மாத ‘அலாட்மென்ட்’ போட்டுவிட்டார்கள் என்கிறார்கள், பருப்பு மட்டும் இல்லை. இரண்டு இடத்திலும் யாரும் பொய் சொல்லவில்லை. கொடுப்பதைச் சொல்ல ஆங்கிலத்தில் ஏகப்பட்ட சொற்கள் உண்டு. அலுவலகக் காகிதத்தில் வரும்போது, உங்களுக்கு வரவேண்டியது இப்போது எங்கே நிற்கிறது என்பதை அவை காட்டிக்கொடுக்கும். அது தெரிந்தால் யாரிடம் போய்க் கேட்பது என்பதும் தெரிந்துவிடும்.

போடியில் இருப்பவருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். போடிக்காரர்களுக்குத்தான் இது கூடுதலாகவே தேவை. வீடு இங்கே, தோட்டம் மலைக்கு மேலே கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில். ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலக்காய் எடுத்துவிட்டுச் சாயங்காலம் இறங்குகிறவர்களும் அப்படித்தான். இரண்டு மாநிலத்துக் காகிதங்கள் ஒரே வீட்டுக்குள் வருகின்றன. மலையாளமும் தமிழும் கலந்த அந்தக் காகிதங்களில் பொதுவாக இருப்பது இந்த ஆங்கிலச் சொற்கள்தான்.

கடனிலிருந்தே தொடங்குவோம், நஷ்டம் அதில்தான் அதிகம். ‘சாங்ஷன்’ என்றால் அனுமதி. இவருக்கு இவ்வளவு கொடுக்கலாம் என்று அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். ‘டிஸ்பர்ஸ்’ என்றால் பட்டுவாடா. பணம் உங்கள் கணக்கில் ஏறிய நாள் அது. நடுவில் பத்திரம், சிட்டா, ஜாமீன், ஒப்பந்தக் கையெழுத்து என்று நாட்கள் ஓடும்.

வட்டி எந்த நாளிலிருந்து? பணம் உங்களுக்கு வந்த நாளிலிருந்துதான். சில கடன் நிறுவனங்கள் அனுமதி கொடுத்த நாளிலிருந்தோ, ஒப்பந்தம் போட்ட நாளிலிருந்தோ வட்டி போட்டதை ரிசர்வ் வங்கி தன் ஆய்வில் கண்டுபிடித்தது. காசோலையில் எழுதிய தேதியிலிருந்து வட்டி கணக்கிட்டு, காசோலையைப் பல நாள் கழித்துக் கையில் கொடுத்தவர்களும் இருந்தார்கள். இது நியாயமில்லை என்று 2024 ஏப்ரல் 29 அன்று ரிசர்வ் வங்கி கடன் நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, தங்கள் நடைமுறையைச் சரிபார்த்துத் திருத்தச் சொன்னது.

ஆகவே காய் எடுப்புக்கு முன்னால் உரத்துக்கும் மருந்துக்கும் கடன் வாங்குகிறவர் இரண்டு தேதிகளைக் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று சாங்ஷன் கடிதத்தின் தேதி. இன்னொன்று பாஸ்புக்கில் வரவு விழுந்த தேதி. முதல் வட்டி எந்தத் தேதியிலிருந்து போடப்பட்டிருக்கிறது என்று கணக்கு விவரச் சீட்டில் பாருங்கள். வரவு விழுந்த தேதிக்கு முன்னதாக இருந்தால், “டிஸ்பர்ஸ்மென்ட் தேதி எது?” என்று எழுதிக் கேளுங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டால் வாய்வார்த்தையாகத்தான் பதில் வரும்.

கட்டட வேலைக்கு வாங்கும் கடனில் ‘பார்ட் டிஸ்பர்ஸ்மென்ட்’ என்று வரும். அஸ்திவாரம், தளம் என்று வேலை ஏற ஏறப் பணத்தைப் பகுதி பகுதியாகத் தருவது. கையில் வந்த பகுதிக்கு மட்டுமே வட்டி, அனுமதித்த மொத்தத் தொகைக்கு இல்லை.

அடுத்து ரேஷன். இங்கே வழி நீளம், அதனால் சொற்களும் அதிகம். மத்திய அரசு மாநிலத்துக்கு இவ்வளவு அரிசி என்று ஒதுக்குவது ‘அலொகேஷன்’. அந்த அரிசி இந்திய உணவுக் கழகக் கிடங்கிலிருந்து தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்குக்கு வருகிறது. அங்கிருந்து உங்கள் தெருக் கடைக்கு இத்தனை மூட்டை என்று கணக்குப் போடுவது ‘அலாட்மென்ட்’. லாரி வந்து கடையில் மூட்டை இறங்கினால் ‘ஸ்டாக்’. நீங்கள் விரல் வைத்து, இயந்திரத்தில் பதிவாகி, பொருள் உங்கள் பைக்கு வருவது ‘இஷ்யூ’.

கடைக்காரர் “அலாட்மென்ட் வந்துருச்சு, ஸ்டாக் வரல” என்றால் சரக்கு கிடங்குக்கும் கடைக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது. அவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. வட்ட வழங்கல் அலுவலரிடம் கேட்க வேண்டிய விஷயம் அது. ஆனால் நீங்கள் வாங்காத சர்க்கரையை வாங்கியதாகப் போனுக்குச் செய்தி வந்தால் கதை வேறு. பதிவேட்டில் ‘இஷ்யூ’ ஆகிவிட்டது, உங்கள் பையில் இல்லை. அந்தச் செய்தியை அழிக்காமல் வைத்துக்கொண்டு 1967 என்ற எண்ணில் புகார் சொல்லுங்கள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்தப் பொருள் போனதுதான்.

குடும்பத்தோடு மேலே தோட்டத்து லயத்திலேயே தங்கிவிட்டவர்கள் என்ன செய்வது? அட்டையில் பி.எச்.எச். (முன்னுரிமைக் குடும்பம்) அல்லது ஏ.ஏ.ஒய். (அந்தியோதயா) என்று இருந்தால், ‘ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு’ திட்டத்தில் கேரளக் கடையிலும் வாங்கலாம். அட்டையோடு ஆதார் சேர்ந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே கிடைப்பது மத்தியத் திட்டத்தின் தானியம் மட்டும். தமிழ்நாடு தன் செலவில் தரும் துவரம் பருப்பும் பாமாயிலும் மலையேறி வராது. என்.பி.எச்.எச். (முன்னுரிமை இல்லாத குடும்பம்) அட்டைக்கு இந்த வசதி இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போய் அலைகிறவர்கள் உண்டு. போகுமுன் அட்டையை எடுத்துப் பாருங்கள்.

‘டிஸ்ட்ரிபியூட்’ என்ற சொல்தானே எல்லாருக்கும் தெரிந்தது, அது எங்கே வரும்? பலருக்குப் பிரித்துக் கொடுக்கும்போது வரும். போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலக்கூடத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். ஏலத்துக்கு வரும் ஒவ்வொரு ‘லாட்’டிலிருந்தும் (ஒரே எண்ணில் விற்கப்படும் குவியல்) கொஞ்சம் காய் எடுத்து, உட்கார்ந்திருக்கும் வியாபாரிகளுக்குச் சாம்பிளாகக் கொடுக்கிறார்கள். அவர்கள் உள்ளங்கையில் கொட்டி உருட்டி, பச்சை நிறத்தையும் பருமனையும் பார்த்து, ஒன்றிரண்டை உடைத்து உள்ளே இருக்கும் விதையைப் பார்த்துவிட்டுத்தான் விலையை அழுத்துகிறார்கள். எல்லார் கைக்கும் போகிறதல்லவா, அதனால் அது ‘டிஸ்ட்ரிபியூஷன்’. ஏலம் எடுத்த ஒருவருக்கு மட்டும் மூட்டை போவது ‘டெலிவரி’.

காய் கொடுத்தவர் கவனிக்க வேண்டியது இதுதான்: சாம்பிளுக்கு எடுத்த எடை உங்கள் சீட்டில் எப்படிக் காட்டப்பட்டிருக்கிறது, பணம் எந்தத் தேதியில் வரும். ஏலம் நடத்துகிறவருக்கும் வாங்குகிற வியாபாரிக்கும் 1987ஆம் ஆண்டு ஏலக்காய் விதிகளின்படி வாரியத்தின் உரிமம் இருக்க வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

மருந்துக்கு ‘டிஸ்பென்ஸ்’. மருத்துவர் எழுதியபடி அளந்து கொடுப்பது; எஸ்டேட்டில் ‘டிஸ்பென்சரி’ என்று சொல்வது அதனால்தான். எழுதியதற்கு மாறாக வேறு மாத்திரை தந்தால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

ஆங்கிலத்தில் மனு எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. ‘டிவைட்’ என்றால் பிரிப்பது மட்டும், கொடுத்தாயிற்று என்று ஆகாது. ‘ஷேர்’ என்றால் கொடுப்பவரும் ஒரு பங்கு வைத்துக்கொள்கிறார். ‘டோல் அவுட்’ என்பதில் தானம் போடுகிற தொனி இருக்கிறது. நிவாரணம் கேட்டு எழுதும்போது அதைத் தொடவே வேண்டாம், உங்கள் உரிமையைப் பிச்சையாக்கிவிடும். ‘டிஸ்ட்ரிபியூட்’ போதும்.

கடைசியாக நிலம். தோட்டம் வாங்கப் போகிறவர் ‘அசைன்மென்ட்’ என்ற சொல்லைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிட வேண்டும். அரசு தன் நிலத்தை ஒருவருக்கு ஒப்படைத்தது என்று பொருள். தமிழ்நாட்டு வருவாய்த்துறையில் இதை ஒப்படை என்பார்கள். ஒப்படை பெரும்பாலும் நிபந்தனையோடு வரும்: எதற்குப் பயன்படுத்தலாம், எத்தனை ஆண்டு விற்கக்கூடாது, யாருக்கு விற்கலாம் என்று. கேரளத்தில் இதற்கு 1960ஆம் ஆண்டு நில ஒப்படைச் சட்டமே இருக்கிறது. ‘லீஸ்’ என்றிருந்தால் அது குத்தகை, நிலம் இன்னும் அரசுடையதுதான். விற்பவர் பட்டா நகலை மட்டும் காட்டினால் போதாது. ஒப்படை உத்தரவின் எல்லாப் பக்கங்களையும் கேட்டு வாங்கி, நிலம் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்து வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிய பிறகு முன்பணம் கொடுங்கள்.