உங்கள் பில்லில் செம்பனை ஆலைக்கும் ஒரு பங்கு

மலேசியத் தீபகற்பத்தில் மாதம் 300 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவழிக்கும் வீடு என்றால், பில்லில் 'கே.டபிள்யூ.டி.பி.பி.' என்ற வரியைத் தேடிப் பாருங்கள். 1.6 விழுக்காடு பிடித்திருப்பார்கள். புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்குப் போகும் பணம் அது. 300 யூனிட்டைத் தாண்டாத வீடுகளுக்கு விலக்கு உண்டு. அவர்களிடமும் பிடித்திருந்தால் மின்விநியோக நிறுவனமான தெனாகாவின் அலுவலகத்தில் திருத்தச் சொல்லலாம்.

அந்த நிதியிலிருந்து பலன் பெறுவோரில் செம்பனைக் கழிவை எரித்தோ, அதிலிருந்து வாயு எடுத்தோ மின்சாரம் விற்பவர்களும் அடக்கம். 2011ஆம் ஆண்டுப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சட்டத்தின்படி, நீடித்த எரிசக்தி மேம்பாட்டு ஆணையமான சேடா அவர்களுக்கு அனுமதி தருகிறது. அவர்களின் மின்சாரத்தை மின்விநியோக நிறுவனம் நீண்டகாலத்துக்கு நிர்ணயித்த விலையில் வாங்கியாக வேண்டும். தொடக்கத்தில் 10 மெகாவாட் வரையிலான உயிர்க்கழிவு நிலையங்களுக்கு யூனிட்டுக்கு 31 சென் அடிப்படை விலை. இது போக, பசுமைத் தொழில்நுட்ப முதலீட்டுக்கு வரிச்சலுகையும் உண்டு. சரவாக்கில் இச்சட்டம் செல்லாது.

கேட்க இனிக்கும் திட்டம்தான். ஆனால் பணம் போடுகிறவர் சக்கையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பழம் உதிர்த்த வெறுங்குலையில் பாதிக்கு மேல் தண்ணீர். பிழிந்து உலர்த்தாமல் சரியாக எரியாது. அதிலுள்ள பொட்டாசியம் சாம்பலை உருக்கிக் கொதிகலன் குழாய்களில் ஒட்ட வைக்கும். நன்றாக எரியும் கொட்டை ஓட்டுக்கோ ஜப்பானிய மின்நிலையங்கள் நல்ல விலை கொடுக்கின்றன, கப்பலேறிவிடுகிறது. எரிபொருளை நீண்டகால ஒப்பந்தத்தில் உறுதி செய்யாமல், மின்கம்பி இழுக்கும் செலவைக் கணக்கில் சேர்க்காமல் இறங்குவது சூதாட்டம்.

ஆலையின் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு வேறு கவலை. ஊக்கத்தொகை யூனிட்டை எண்ணுகிறதே தவிரப் புகையை எண்ணுவதில்லை. அதை எண்ண 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இருக்கிறது. செம்பனை ஆலை அதன்கீழ் உரிமம் பெற்றே இயங்க வேண்டும். வெளியேற்றும் கழிவுநீருக்கும் வரம்பு உண்டு. கரும்புகை வந்தாலோ, ஓடைநீர் நிறம் மாறினாலோ தேதி, நேரம், இடம் குறித்துப் படத்தோடு சுற்றுச்சூழல் துறையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். 

ஆலைத் தொழிலாளியின் உயிருக்கே ஆபத்து என்றால் அது கழிவுநீர்க் குட்டையிலும் வாயுத் தொட்டியிலும்தான். மீத்தேனோடு ஹைட்ரஜன் சல்ஃபைடும் சேர்ந்து வரும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டதே என்று இறங்குகிறவர் மேலே வருவதில்லை; தூக்கப் போகிறவரும் விழுகிறார். வாயுவை அளக்காமல், அனுமதிச் சீட்டு இல்லாமல், மேலே காவலுக்கு ஆள் நிற்காமல் யாரும் உள்ளே இறங்கக் கூடாது.

2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் தொழிலாளிக்கு ஒரு பிடி கொடுத்திருக்கிறது. உடனடி ஆபத்து இருக்கிறது என நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால் வேலையிடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. மீறினால் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறைக்குப் போங்கள். குட்டையைச் சுத்தம் செய்ய வெளியாட்களை அழைத்துவிட்டு, "அது ஒப்பந்தக்காரர் பொறுப்பு" என்று ஆலை கை கழுவவும் முடியாது. வேலையைக் கொடுத்து, அது நடக்கும் விதத்தைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பவருக்கும் அதே திருத்தம் கடமை வைத்திருக்கிறது.