மூன்று நிமிடத்துக்குள் ஒரு ராகம்

1902 நவம்பரில் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் கிராமபோன் தட்டுக்காகப் பாடியபோது எதிரே மைக் இல்லை. பெரிய கூம்பு ஒன்றுதான் இருந்தது. அதற்குள் முகத்தைக் கொடுத்து உரக்கப் பாட வேண்டும். ஒரு தட்டுக்குச் சுமார் மூன்று நிமிடம்தான். மணிக்கணக்கில் விரித்துப் பாடும் ராகத்தை அதற்குள் சுருக்கி, கடைசியில் தன் பெயரை ஆங்கிலத்தில் அறிவிப்பார். தட்டு தயாராவது ஜெர்மனியின் ஹனோவரில். பாடியது யார் என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரிய வேண்டுமே!

அப்படியானால் தட்டு பாட்டைச் சேமித்ததா, மாற்றியதா?

இந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர் பிரெஞ்சுத் தத்துவவாதி பெர்னார் ஸ்டீக்லர். துலூஸ் நகரில் மதுக்கூடம் நடத்தியவர். வங்கிக் கொள்ளையில் பிடிபட்டு 1978 முதல் 1983 வரை சிறையில் இருந்தார். தத்துவம் படித்ததே அங்கேதான்.

ஒரு மெட்டைக் கேட்கும்போது, சற்றுமுன் கடந்த ஸ்வரமும் மனதில் தங்கியிருக்கிறது. இல்லாவிட்டால் தனித்தனிச் சத்தம்தான் கேட்கும் என்றார் தத்துவவாதி எட்மண்ட் ஹுஸ்ஸர்ல். இது முதல் நினைவு. நேற்றைய கச்சேரியை இன்று அசைபோடுவது இரண்டாவது. ஸ்டீக்லர் மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தார்: தட்டு, புத்தகம், புகைப்படம், சினிமா என்று உடம்புக்கு வெளியே கிடக்கும் நினைவு. எடிசன் 1877-லேயே போனோகிராஃபைச் செய்திருந்தும் ஹுஸ்ஸர்ல் அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பது ஸ்டீக்லரின் புகார்.

ஒரே தட்டை இரண்டு முறை கேட்டுப் பாருங்கள் என்பார் ஸ்டீக்லர். தட்டு மாறவில்லை, ஆனால் முதலில் நழுவிய கமகம் இப்போது பிடிபடுகிறது. முதல் முறை கேட்ட நினைவுதான் இப்போது எதைக் கவனிப்பது என்று பொறுக்கி எடுக்கிறது. கச்சேரியை அச்சு அசலாக மறுபடி கேட்க வழியில்லாத காலத்தில் இது இவ்வளவு துலக்கமாகத் தெரிந்திருக்காது. வெளியே கிடந்த பொருள், உள்ளே எது தங்க வேண்டும் என்பதில் கைவைக்கிறது. ஒரு சமூகத்துக்கும் இதே கதைதான். 1933-ல் மறைந்த நாடகப் பாடகர் எஸ். ஜி. கிட்டப்பாவின் குரல் என்று நமக்குத் தெரிந்தது தட்டுகளில் தப்பியது மட்டுமே. மேடையில் அவர் நிகழ்த்தியது, கேட்டவர்களோடு போய்விட்டது.

பேச்சு தொலைக்காட்சிக்கு வந்ததும் ஸ்டீக்லரின் குரல் கடுமையாகிறது. கோடிப் பேர் ஒரே நேரத்தில் ஒரே நிகழ்ச்சியைப் பார்த்தால் நினைவுகளும் ஒரே வார்ப்பில் வந்துவிடும் என்று அஞ்சினார். 2004-ல் பிரான்ஸின் டிஎஃப்1 தொலைக்காட்சித் தலைவர் பத்ரிக் லெ லே, தாங்கள் கோகோ கோலாவுக்கு விற்பது மனித மூளையின் நேரத்தைத்தான் என்று பகிரங்கமாகவே சொன்னார். ஸ்டீக்லருக்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? ஆனாலும் இங்கே அவர் தன் தட்டு உதாரணத்தையே மறந்துவிடுகிறார். ஒரே சீரியலைப் பார்க்கும் மாமியாரும் மருமகளும் ஒரே காட்சியையா நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

கருவியைத் தூக்கி எறியச் சொன்னவரல்ல அவர். பாரிஸின் பொம்பிடு மையத்தில் 2006-ல் அவர் தொடங்கிய ஆய்வு நிறுவனம் ஒரு மென்பொருளை உருவாக்கியது. படத்தை ஷாட் ஷாட்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பார்வையாளரே குறிப்பு எழுதலாம்.